பெய்ஜிங் ஐந்து நாள்: ஒரு கணக்கு டீச்சரின் முழங்கால் போட்ட மதிப்பெண்

ஓய்வுபெற்ற கணக்கு டீச்சரோடு ஊர் சுற்றக் கிளம்பினால் படிகளை எண்ணியே ஆக வேண்டும். என் அம்மா எண்ணுவாள். வயது 58. கரும்பலகை முன்னால் 31 வருஷம் நின்று தேய்ந்த முழங்கால் இரண்டு. வலது கால் படி ஏறும்போது வலிக்கும், இடது கால் இறங்கும்போது வலிக்கும். "ரெண்டும் முறை வச்சுல்லா வேலை பாக்குது" என்பாள். அந்தக் கால்களோடு அக்டோபர் மூன்றாம் வாரத்தில் பெய்ஜிங்கை ஐந்து நாள் பார்த்தோம். கைப்பையில் ஒரு நாற்பது பக்க நோட்டு. ஒவ்வொரு இடத்துக்கும் ராத்திரி படுக்கப் போகுமுன் நூற்றுக்கு மதிப்பெண். கருணை மதிப்பெண் கிடையாது. இந்த விமர்சனத்தில் இருக்கும் எண்கள் அவளுடையவை, புலம்பல்கள் என்னுடையவை.

மூன்றாம் வாரம் என்று தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. அக்டோபர் 1 அவர்களின் தேசிய நாள். அந்த வாரம் முழுக்க விடுமுறை, நாடே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பும். அது அடங்கியபின் போனால் வெயிலும் இல்லை, உறைபனியும் இல்லை. காலையில் ஒரு ஸ்வெட்டர் போதும்.

முதல் நாள் சறுக்கியது என் தப்பு. பெருஞ்சுவருக்கு எப்படிப் போவது என்று குழம்பி, ஆன்லைனில் ஒரு குழுச் சுற்றுலாவில் இரண்டு நாளுக்குப் பணம் கட்டியிருந்தேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம், இந்த மாதிரி வேன்கள் நிறைய ஓடுகின்றன. நாங்கள் போக வேண்டியது பெருஞ்சுவரின் முதியன்யூ பகுதி, நகரத்தின் நடுவிலிருந்து 70 கிலோமீட்டருக்கு மேல். காலை ஏழு மணிக்கு ஏறினோம். ஒன்பது மணிக்கு இறக்கிவிட்ட இடத்தில் சுவரைக் காணோம். ஜேட் கல் விற்கும் பெரிய கூடம். பத்து நிமிஷம் கல்லைச் செதுக்கிக் காட்டினார்கள், ஒரு மணி நேரம் வளையல் காட்டினார்கள். விற்கிற பெண் கால்குலேட்டரில் தட்டி, "உங்களுக்காக எழுபது சதவீதம் தள்ளுபடி" என்றாள். அம்மா கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிவிட்டு என்னிடம் சொன்னாள்: "ஏட்டி, முதல்ல மூணு மடங்கு ஏத்தி எழுதிக்கிட்டு எழுபது சதவீதம் தள்ளுனா, அசல் விலையில பத்து சதவீதம்தான் குறைஞ்சிருக்கு. எட்டாங்கிளாஸ் கணக்கு. இத யாருக்கிட்ட காட்டுதா?"

சுவரில் எங்களுக்குக் கொடுத்த நேரம் 90 நிமிஷம். ஜேட் கடையும், திரும்பும் வழியில் ஒரு தேயிலைக் கடையும் சேர்ந்து எடுத்துக்கொண்டது 125 நிமிஷம். நோட்டில் இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறாள். மறுநாள் வேனை ரத்து செய்தோம். பணம் திரும்பவில்லை. "சவத்த விடுட்டி, டியூஷன் ஃபீஸ்னு நினைச்சுக்கோ" என்றாள்.

ஆனால் சுவர் சுவர்தான். அந்த 90 நிமிஷத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முதியன்யூவில் மேலே போக இரண்டு வழி உண்டு. மூடிய கேபிள் கார் 14-ஆவது காவல் கோபுரத்துக்குப் போகும். கால் தொங்கும் திறந்த நாற்காலி 6-ஆவது கோபுரத்துக்குப் போகும். நாங்கள் நாற்காலியில் போனோம். அது நிற்காது. பின்னாலிருந்து வந்து முழங்கால் மடிப்பில் ஒரு தட்டு தட்டி நம்மை அள்ளிக்கொண்டு போய்விடும். அம்மாவுக்கு உட்காரலாமா வேண்டாமா என்று யோசிக்கக்கூட அவகாசம் இல்லை, அதனால் பயப்படவும் அவகாசம் இல்லை. மேலே போனால் மலை முதுகு முழுக்கச் சுவர் வளைந்து வளைந்து ஓடுகிறது. இலைகள் அப்போதுதான் பழுக்க ஆரம்பித்திருந்தன. இங்கே ஒரு விசேஷம்: கைப்பிடிச் சுவரின் இரண்டு பக்கமும் அம்பு எய்யும் பல் இடைவெளி வைத்துக் கட்டியிருக்கிறார்கள். படிகள்தான் மோசம். ஒன்று கணுக்கால் உயரம், அடுத்தது முழங்கால் உயரம். "கட்டுனவன்ட்ட ஸ்கேலே கெடையாதா?" இரண்டு கோபுரம் நடந்தோம். முதியன்யூவில் மொத்தம் 23. மீதி 21-ஐ நின்ற இடத்திலிருந்தே பார்த்துக்கொண்டோம்.

இறங்குவதுதான் இந்த இடத்தின் பரிசு. 6-ஆவது கோபுரத்திலிருந்து 1,580 மீட்டர் நீளத்துக்கு உலோகச் சறுக்குப் பாதை. சக்கரம் வைத்த ஒரு பலகையில் உட்கார வேண்டும், நடுவில் ஒரு கைப்பிடி: முன்னால் தள்ளினால் ஓடும், பின்னால் இழுத்தால் நிற்கும். நாற்காலியும் சறுக்கும் சேர்த்து 140 யுவான், நுழைவுக் கட்டணம் 40 தனி. அம்மா முழுப் பாதையையும் கைப்பிடியை இழுத்துப் பிடித்தபடியே வந்தாள். அவளுக்குப் பின்னால் நான், எனக்குப் பின்னால் ஒரு ஜெர்மன் குடும்பம், ஒரு கல்லூரிக் கூட்டம் என்று மலையில் வாகன நெரிசலே உண்டாகிவிட்டது. வளைவுகளில் நிற்கும் ஊழியர்கள் வேகமாக வரச் சொல்லிக் கை காட்டுகிறார்கள். அவள் ஒவ்வொருவருக்கும் பதிலுக்குக் கை காட்டினாள். கடைசி நேர் பாதையில் என்ன தோன்றியதோ, கைப்பிடியை விட்டுவிட்டாள். கீழே போய் நின்றபோது முடியெல்லாம் கலைந்து, பத்து வயசுப் பிள்ளை முகம். முழங்காலுக்கு வேலையே இல்லாத ஒரே இடம். நோட்டில்: சுவர் 70, சறுக்கு 100, வேன் "தேர்வுக்கு வரவில்லை".

நாலு பேர் சேர்ந்து போகிறவர்கள் நேராக ஒரு கார் பிடித்துப் போங்கள். தனியாகவோ இரண்டு பேராகவோ போனால் "கடை நிறுத்தம் உண்டா" என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு பணம் கட்டுங்கள். நான் கேட்கவில்லை.

இரண்டாம் நாளிலிருந்து எங்கள் வேன் சுரங்க ரயில்தான். விடுதியை டோங்சி நிலையத்துக்குப் பக்கத்தில் போட்டது இந்தப் பயணத்தில் நான் எடுத்த ஒரே புத்திசாலி முடிவு. 5-ஆம் பாதையும் 6-ஆம் பாதையும் அங்கே சந்திக்கின்றன. 5-ஆம் பாதையில் தெற்கே போனால் வானக் கோயில், வடக்கே போனால் யோங்ஹ கோங் என்ற பௌத்த மடம். இரண்டுக்கும் வண்டி மாற வேண்டாம். கட்டணம் 6 கிலோமீட்டர் வரை 3 யுவான், 12 வரை 4, 22 வரை 5. ஊர்ச் சுற்றலுக்கு மட்டும் இரண்டு பேருக்கும் சேர்த்து எங்களுக்கு 112 யுவான் ஆனது. யுவானைப் பேச்சில் அவர்கள் "குவாய்" என்கிறார்கள், அது காதில் பழகிவிட்டால் கடையில் பாதி பேச்சு புரியும்.

ஒவ்வொரு நிலையத்திலும் பையை எக்ஸ்ரேயில் போட வேண்டும், உடம்பைத் தடவும் கருவி வேறு. கோபப்படாமல் அதற்கு ஐந்து நிமிஷம் ஒதுக்கிவிடுங்கள். முதல் பாதை ஓடத் தொடங்கியது 1969-இல். பழைய பாதைகளுக்கு அந்த வயது தெரியும், படிக்கட்டு அதிகம். வண்டி மாறும் இடங்களில் நடை இன்னும் அதிகம். வரைபடத்தில் ஒரு புள்ளியாகத் தெரிவது நேரில் அரை கிலோமீட்டர் சுரங்கமாக இருக்கும். "ரெண்டு தடவை மாறணும்னா வேண்டாம், ஒரு தடவைன்னா வாரேன்" என்று அம்மா சட்டம் போட்டாள். மற்ற நேரத்துக்கு டீடி வாடகைக் கார். அலிபே என்ற பணம் கட்டும் செயலிக்குள்ளேயே டீடி இருக்கிறது, ஓட்டுநர் அனுப்பும் சீனச் செய்தியை அதுவே மொழிபெயர்த்துக் காட்டும். அலிபேயை ஊரிலிருந்து கிளம்புமுன்பே போட்டு, நம் கிரெடிட் கார்டை இணைத்து, பாஸ்போர்ட் சரிபார்ப்பை முடித்துவிடுங்கள். 200 யுவானுக்குக் கீழே கூடுதல் கட்டணம் இல்லை, மேலே போனால் 3 சதவீதம். பெட்டிக்கடை முதல் அரண்மனை வரை எல்லாம் அதிலேதான். விடுதி வைஃபையில் வாட்ஸ்அப்பும் கூகுளும் திறக்காது. வெளிநாட்டு ரோமிங் சிம்மில் திறக்கும். அப்பாவுக்குத் தினமும் படம் அனுப்பியது அதில்தான்.

இப்போது வானக் கோயில். தியன்டான் என்பார்கள். பெய்ஜிங்கில் உங்களுக்கு ஒரே ஒரு காலைதான் இருக்கிறது என்றால், எல்லாரும் மன்னர்களின் பழைய அரண்மனையான ஃபர்பிடன் சிட்டிக்குப் போகச் சொல்வார்கள். நான் இங்கே போகச் சொல்வேன்.

எட்டு மணிக்குக் கிழக்கு வாசலில் நுழைந்தோம். எல்லாக் கட்டடங்களும் சேர்ந்த சீட்டு 34 யுவான். உள்ளே 273 ஹெக்டேர், பெரும்பாலும் பழைய சைப்ரஸ் மரங்கள். முதலில் வருவது நீண்ட தாழ்வாரம். அதில் பெய்ஜிங்கின் ஓய்வுபெற்றவர்கள் அத்தனை பேரும் இருந்தார்கள் என்றே தோன்றியது. சீட்டு விளையாடுகிறார்கள், பின்னல் போடுகிறார்கள், மூன்று தாத்தாக்கள் வட்டமாக நின்று இறகுப் பந்தைக் காலால் உதைத்துக் கீழே விழாமல் காக்கிறார்கள். எழுபது வயதைத் தாண்டிய ஒருவர் காலைத் தூக்கித் தாழ்வாரக் கம்பியின் மேல் நீட்டி வைத்துக்கொண்டு நெற்றியால் முழங்காலைத் தொடுகிறார். அம்மா அவரையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு தன் முழங்காலைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

1420-இல் கட்டிய இடம். மிங், சிங் வம்ச மன்னர்கள் விளைச்சலுக்காக வானத்தை வேண்டிக்கொள்ள வந்த இடம். நடுவில் இருக்கும் வட்டப் பிரார்த்தனை மண்டபம் 38 மீட்டர் உயரம், மூன்றடுக்கு நீலக் கூரை. 1889-இல் இடி விழுந்து எரிந்துபோய், மறுபடி பழையபடியே கட்டினார்கள். உள்ளே விடமாட்டார்கள், வாசலில் முண்டியடித்துத்தான் பார்க்க வேண்டும். உள்ளே 28 தூண்கள். நடுவே 4, அது பருவங்கள். அடுத்த சுற்றில் 12, மாதங்கள். வெளிச்சுற்றில் 12, ஒரு நாளை அவர்கள் பிரித்த பன்னிரண்டு பொழுதுகள். மொத்தம் சந்திரன் தங்கும் 28 வீடுகள். இதை நான் செல்போனில் படித்துச் சொன்னதும் அம்மா நின்றுவிட்டாள். "நமக்கு நட்சத்திரம் இருபத்தேழுல்லா? இவனுவ அபிஜித்தையும் சேத்துருப்பானுவ." முண்டியடித்த கூட்டத்துக்கு நடுவில் விரல் விட்டு அஸ்வினி, பரணி என்று ஆரம்பித்துவிட்டாள். பின்னாலிருந்த பெண்மணி செல்ஃபிக் குச்சியால் என் தோளைத் தட்டும்வரை நகரவில்லை.

அங்கிருந்து தெற்கே 360 மீட்டர் நீளக் கல் நடைமேடை. படி இல்லை, மேடு பள்ளம் இல்லை. அதன் கோடியில் எதிரொலிச் சுவர். ஒரு பக்கம் பேசினால் வளைந்த சுவரில் ஒட்டி ஓடி மறுபக்கம் கேட்கும் என்பது சாஸ்திரம். நாற்பது பேர் ஒரே நேரத்தில் சுவரைப் பார்த்து "வே! வே!" என்று கத்திக்கொண்டிருந்ததில் யார் குரல் யாருக்குக் கேட்டது என்று அந்த வானத்துக்குத்தான் வெளிச்சம்.

அதையும் தாண்டினால் வட்டப் பலிபீடம். கூரை இல்லை, சிலை இல்லை, மூன்று அடுக்கு வெள்ளைக் கல் வட்டம் மட்டும். ஒவ்வொரு அடுக்குக்கும் ஏற 9 படி. "இருபத்தேழு" என்று கீழேயே கணக்குப் போட்டு, கைப்பிடிக் கல்லைப் பிடித்து ஏறினாள். மேலே நடுவில் ஒரு வட்டக் கல். அதைச் சுற்றி 9 பலகைக் கற்கள். அடுத்த வளையத்தில் 18. அடுத்தது 27. இப்படியே ஒன்பதாவது வளையத்தில் 81. ஓரிலக்க ஒற்றைப்படை எண்களில் பெரியது ஒன்பது, அது வானத்தின் எண், மன்னனின் எண். எல்லாரும் நடுக்கல்லில் ஏறிப் படம் எடுக்க வரிசையில் நிற்கிறார்கள். அம்மா ஓரமாக நின்று கண்ணை மூடிக்கொண்டாள். எனக்குப் பயமாகிவிட்டது, தலைசுற்றலோ என்று. "ஒன்பதை நாப்பத்தஞ்சால பெருக்கு. நானூத்தஞ்சு. மேலடுக்குல நானூத்தஞ்சு கல்லு, நடுக்கல்லச் சேக்காம." கொஞ்ச நேரம் கழித்து, "மூணு அடுக்குக்கும் இதே வரிசை போச்சுன்னா மூவாயிரத்து நானூத்தி ரெண்டு." செல்போனில் தேடிப் பார்த்தேன். 3,402 சரிதான். அறுநூறு வருஷத்துக்கு முன் எழுந்த கோயிலின் கூட்டுத் தொடரை அவள் நின்ற இடத்திலேயே சரிபார்த்துவிட்டாள். பத்தாம் வகுப்புக்கு இதை வைத்தே பாடம் எடுத்திருக்கலாமே என்று அன்று முழுக்கப் புலம்பல்.

இங்கே இன்னொன்றையும் சொல்லாமல் போகக் கூடாது. பிரார்த்தனை மண்டபத்துக்குப் பின்னால் உள்ள முற்றத்தின் மேற்குச் சுவரில் ஒரு சின்ன வாசல் இருக்கிறது. பெரும்பாலோர் கவனிக்காமல் போகிறார்கள். சியன்லோங் மன்னருக்கு எழுபது வயதானபோது நடை முடியவில்லை. தூரத்தைக் குறைக்கச் சுவரில் ஒரு வாசல் திறந்தார்கள். தன்னைப் பார்த்துப் பிள்ளைகளும் சோம்பேறியாகிவிடக் கூடாதே என்று, எழுபது வயதைத் தொட்ட மன்னன் மட்டுமே இதில் நுழையலாம் என்று உத்தரவு போட்டாராம். அவருக்குப் பின் வந்த சிங் மன்னர்கள் ஒருவர்கூட எழுபதைத் தொடவில்லை. ஒரே ஒரு ஆள் பயன்படுத்திய வாசல். அம்மா அதன் முன்னால் நின்று, "எனக்கு இன்னும் பன்னெண்டு வருஷம் கெடக்கு" என்றாள். வானக் கோயில் 96. குறைத்த நாலு, எதிரொலிச் சுவரில் கத்தினவர்களுக்கு.

ஃபர்பிடன் சிட்டிக்கு முன்பதிவு இல்லாமல் போகவே முடியாது. ஏழு நாள் முன்னால், பெய்ஜிங் நேரம் இரவு 8 மணிக்குச் சீட்டு திறக்கும். நம் நேரம் மாலை 5:30. பாஸ்போர்ட் எண்ணைத் தயாராக வைத்துக்கொண்டு உட்காருங்கள். அக்டோபர் வரை 60 யுவான், நவம்பரிலிருந்து மார்ச் வரை 40. தனியாகக் காகிதச் சீட்டு இல்லை, வாசலில் பாஸ்போர்ட்டே சீட்டு. திங்கள்கிழமை விடுமுறை. தெற்கே இருக்கும் மெரிடியன் வாசல் வழியாக மட்டுமே நுழைய வேண்டும். அதற்கு முன்னால் தியனன்மென் சதுக்கத்துப் பக்கத்தில் பாதுகாப்புச் சோதனை வரிசை. காலை 8:30 சீட்டுக்கு நாங்கள் ஏழு மணிக்கே நின்றோம், அது அதிகம் இல்லை.

முழங்கால் கணக்கில் இது கடினமான தாள். வடக்கு தெற்காக 961 மீட்டர், கிழக்கு மேற்காக 753. "எழுபத்திரண்டு ஹெக்டேர்" என்று அம்மா நடந்துகொண்டே பெருக்கினாள். முன்பாதியில் மரம் கிடையாது, உட்காரத் திண்ணை குறைவு, ஒவ்வொரு வாசலிலும் உயரமான மரத் தடுப்பு. மூன்று பெரிய மண்டபங்களும் மூன்றடுக்குக் கல்மேடை மேல். சிம்மாசனம் பார்க்கக் கூட்டம் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் சுற்றிக்கொண்டு மூன்றாவது மண்டபத்தின் பின்பக்கம் போனோம். அங்கேதான் நான் நினைத்துக்கூடப் பார்க்காத பொருள் இருந்தது: ஒரே கல்லில் செதுக்கிய சரிவு. நீளம் 16.57 மீட்டர், எடை 200 டன்னுக்கு மேல், முழுக்க டிராகன்களும் மேகங்களும். வெட்டி எடுத்த இடம் பல பத்து கிலோமீட்டருக்கு அப்பால். குளிர்காலத்தில் வழி நெடுகக் கிணறு வெட்டி, தண்ணீர் ஊற்றி, பனிக்கட்டிச் சாலை போட்டு அதன்மேல் சறுக்கி இழுத்து வந்தார்கள். முதல் நாள் சறுக்கில் இறங்கிய ஞாபகம் அம்மாவுக்கு. "அவனுவளும் சறுக்கித்தான் வந்திருக்கானுவ" என்றாள்.

மண்டபங்களுக்குப் பக்கத்தில் பெரிய பெரிய செப்பு அண்டாக்கள். தீப்பிடித்தால் அணைக்கத் தண்ணீர் நிரப்பி வைத்தவை. குளிர்காலத்தில் தண்ணீர் உறையாமல் இருக்க மெத்தை சுற்றி, அடியில் நெருப்புப் போடுவார்களாம். தீயணைக்கிற தண்ணீருக்குத் தீ மூட்டிக் காவல். அம்மாவுக்கு அரண்மனையிலேயே பிடித்த விஷயம் அதுதான். கூடுதலாக 10 யுவான் கொடுத்து வடகிழக்கு மூலையிலிருக்கும் பொக்கிஷக் கூடத்துக்குப் போங்கள். நகைக்காக இல்லை. கூட்டம் அங்கே வந்ததும் வடிந்துவிடும், உட்கார நிழல் கிடைக்கும். ஒன்பது டிராகன் சுவரும் அங்கேதான்.

வெளியேற வடக்கு வாசல், கிழக்கு வாசல் இரண்டு உண்டு. கிழக்கு வாசலில் வாருங்கள். அரண்மனையின் பெரிய வாசல் கதவுகளில் ஒன்பது வரிசை, வரிசைக்கு ஒன்பது பித்தளைக் குமிழ், ஆக 81. கிழக்கு வாசலில் மட்டும் எட்டு வரிசை, 72. ஏன் என்பதற்கு ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். நான் முன்கூட்டிச் சொல்லவில்லை. அம்மா கதவருகே நின்றாள், உதடு அசைந்தது, திரும்பினாள். "ஏட்டி, இங்க ஒரு வரிசை கொறையுது." ஐந்து மணி நேரம் நடந்த களைப்பில் இதைக் கண்டுபிடித்தவளுக்கு நான்தான் மதிப்பெண் போட வேண்டும். அரண்மனைக்கு அவள் போட்டது 74. காலுக்கு 40, கண்ணுக்கு 108 என்று தனித்தனியாக எழுதி, இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்திருக்கிறாள். 108 எப்படி என்று கேட்டால் முறைக்கிறாள்.

வெளியே அகழியோரம் முழுக்கச் சிங் இளவரசி உடையை வாடகைக்கு எடுத்துப் போட்டுக்கொண்டு படம் எடுக்கும் பெண்கள். பட்டுத் தொப்பி, கையில் விசிறி, காலில் விளையாட்டுக் காலணி.

மறுநாள் மாலை நான் மட்டும் ஜிங்ஷான் குன்றில் ஏறினேன். அகழி வெட்டிய மண்ணைக் கொட்டி எழுப்பிய குன்று, சீட்டு 2 யுவான். மேலிருந்து பார்த்தால் அரண்மனையின் மஞ்சள் கூரைகள் வயல் மாதிரி வரிசையாகப் படுத்திருக்கின்றன. கடைசி மிங் மன்னர் 1644-இல் தூக்குப் போட்டுக்கொண்டதும் இந்தக் குன்றில்தான். அம்மா கீழே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு பாட்டுக் கூட்டத்தோடு மொழி தெரியாமலே தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். அவர்களில் ஒரு அம்மாள் ஃபிளாஸ்கைத் திறந்து மூடியில் வெந்நீர் ஊற்றிக் கொடுத்தாராம். இந்த ஊரில் வெந்நீர்தான் உபசாரம். நிலையம், விடுதி, விமான நிலையம், எங்கும் வெந்நீர்க் குழாய் உண்டு. இதற்கு மட்டும் நோட்டில் மூன்று நட்சத்திரம்.

சாப்பாடு. அம்மா சைவம், முட்டையும் கிடையாது. "வோ ச்சர் சூ", நான் சைவம் சாப்பிடுகிறவள், என்ற வாக்கியத்தைச் சீன எழுத்தில் செல்போனில் படமாக வைத்திருந்தேன். அது போதாது. முதல் ராத்திரி ஒரு சின்னக் கடையில் பீன்ஸ் பொரியல் என்று நம்பிச் சொன்னதில் பொடியாக நறுக்கிய பன்றிக்கறி தூவி வந்தது. கடைக்காரர் மேல் குற்றமில்லை, அவர் கணக்கில் அது பீன்ஸ்தான், கறி வாசனைக்குப் போட்டது. மறுநாளிலிருந்து வாக்கியத்தை நீட்டினேன்: கறி, மீன், முட்டை, கறித்தூள், கறிச் சாறு எதுவும் வேண்டாம். அதன்பின் பிழை வரவில்லை. தீ சான் சியன் என்று ஒரு பதார்த்தம், உருளைக்கிழங்கும் கத்திரிக்காயும் குடைமிளகாயும் பொரித்துக் குழம்பாக. மெல்லிய குச்சியாகச் சீவி வினிகர் போட்ட உருளைக்கிழங்கு இன்னொன்று. இந்த இரண்டும் வெள்ளைச் சோறும்தான் எங்கள் நாலு ராத்திரியும். பகலில் சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு, வறுத்த செஸ்ட்நட், மண்ஜாடியில் காகிதம் மூடி வரும் தயிர். அதை உறிஞ்சுகுழாய் போட்டுக் குடித்துவிட்டு ஜாடியைக் கடையிலேயே கொடுத்துவிட வேண்டும். அம்மா ஜாடியைக் கொண்டுபோக ஆசைப்பட்டாள், நான் விடவில்லை. பெய்ஜிங்காரர்கள் உயிரை விடும் தோவ்ச்சர் என்ற பானத்தையும் குடித்தோம். பச்சைப்பயறு புளித்த சாம்பல் நிறத் தண்ணீர். எனக்கு ஒரு வாய்க்கு மேல் முடியவில்லை. அம்மா, "நீச்சத்தண்ணி மாதிரிதான் இருக்கு" என்று கிண்ணத்தைக் காலி செய்தாள்.

பொதுக் கழிப்பறை எங்கும் உண்டு, இலவசம். பெரும்பாலும் குந்தி உட்காரும் வகை. முழங்கால்காரர்கள் சக்கர நாற்காலிப் படம் போட்ட கதவைத் தேடுங்கள், உள்ளே நாற்காலி வகை இருக்கும். காகிதம் நம் பையில் இருக்கட்டும்.

யோங்ஹ கோங் பற்றிச் சுருக்கமாக. 25 யுவான், ஊதுபத்தி வாசலிலேயே இலவசம். 1694-இல் இளவரசர் மாளிகையாகக் கட்டி, 1744-இல் திபெத்திய பௌத்த மடமாக மாறியது. ஒவ்வொரு மண்டபத்திலும் சிலை பெரிதாகிக்கொண்டே போய், கடைசியில் மைத்ரேயர் நிற்கிறார். தரைக்கு மேல் 18 மீட்டர், தரைக்குள் 8. அத்தனையும் ஒரே சந்தன மரம். ஏழாம் தலாய் லாமா சியன்லோங் மன்னருக்குக் கொடுத்த காணிக்கை. உரசிக் கரைந்த சந்தனக்கட்டையை மட்டுமே பார்த்து வளர்ந்த அம்மா, தலையைப் பின்னால் சாய்த்து நிமிர்ந்தபடி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். முழங்காலுக்குச் சிரமமில்லை, கழுத்துக்குத்தான். 90.

ஐந்தாம் நாள் கோடைக்கால அரண்மனை. 6-ஆம் பாதையில் பிங்ஆன்லி, அங்கே 4-ஆம் பாதைக்கு மாறி வடக்கே. எல்லாரும் பெய்கோங்மென்னில் இறங்கச் சொல்வார்கள், பேரிலேயே வடக்கு அரண்மனை வாசல் என்று இருக்கும். இறங்காதீர்கள். அந்த வாசலில் நுழைந்தால் நேர் எதிரே குன்று, ஏறித்தான் ஏரிப் பக்கம் போக வேண்டும். ஒரு நிலையம் முன்னாலேயே, ஷீயுவானில் இறங்கி, கால் மணி நேரம் நடந்து கிழக்கு வாசலுக்குப் போங்கள். உள்ளே ஏரிக்கரையோரம் எல்லாம் சமதரை. இந்த ஒரு வரிக்காகவே இதை எழுத உட்கார்ந்தேன் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

1860-இல் ஆங்கில, பிரெஞ்சுப் படைகள் எரித்ததை, கடற்படைக்கு ஒதுக்கிய பணத்தைத் திருப்பிவிட்டு மறுபடி கட்டியவர் சீஷி பேரரசி. 728 மீட்டர் நீளத் தாழ்வாரம், உத்தரம் முழுக்க ஓவியம், பக்கவாட்டில் நெடுக உட்காரும் பலகை. நடந்தோம், உட்கார்ந்தோம், நடந்தோம். ஏரியின் அந்தப் பக்கம் பதினேழு கண் பாலம். எந்தப் பக்கத்திலிருந்து எண்ணினாலும் நடுவில் வருவது ஒன்பதாவது கண். அம்மா இரண்டு பக்கத்திலிருந்தும் எண்ணினாள். பாலத்தின் கைப்பிடித் தூண்களில் சின்னதும் பெரிதுமாகக் கல் சிங்கங்கள், மொத்தம் 544 என்று நான் படித்துச் சொன்னேன். "எண்ணாம ஒத்துக்க மாட்டேன்." 212 வரை வந்தாள். அங்கே முக்காலி நிறுத்திய புகைப்படக்காரர்கள் மறித்து நிற்க, ஒரு தாய்ச்சிங்கத்தின் வயிற்றுக்கடியில் ஒளிந்திருந்த குட்டியைச் சேர்த்தோமா இல்லையா என்று எங்களுக்குள் தகராறு. மறுபடி முதல் தூணுக்குப் போனாள். இந்த முறை 140-இல் மணி நாலாகிவிட்டது, ராத்திரி விமானம். விமான நிலைய ரயில் ஆளுக்கு 25 யுவான். அதில் உட்கார்ந்ததும் நோட்டைத் திறந்து, கோடைக்கால அரண்மனைக்கு எதிரே மதிப்பெண் போடாமல், "விடைத்தாள் பாதி திருத்தியது" என்று எழுதி மூடி வைத்தாள்.